ஒன்றரை முதல் மூன்று வரை

திருமூர்த்திக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. குடியிருந்தது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எது யார் வீடு என்றே தெரியாத ஒரு அபார்ட்மென்ட் வரிசையில். செயற்கைக்கோள் அனுப்பும் படத்தை வாங்கித் தரும் டிஷ் ஆன்டெனா செய்கிற சின்ன கம்பெனியில் இன்ஜினியர். கெட்டிக்கார மனுஷன்தான். ஆனால் வெட்கம் வந்துவிட்டால் வாயில் பொய் வந்துவிடும். அப்படி ஒரு பொய் அவரைப் படுத்தின பாடு இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1995-ல் ஒரு தீவு நாட்டுக்கு டிஷ் மாட்டப் போனார். ஏழு வருஷத்தில் நாலு ஜனாதிபதியைப் பார்த்த நாடு. அரிசிக்கே கப்பல் வரவேண்டும். சோத்துக்கு வழியில்லாதவனுக்கு விண்வெளி எதுக்கு என்று ஆபீசில் கேலி பேசினார்கள். திருமூர்த்தி கட்சி வேறு. புயல் வருவதை மேலிருந்து பார்த்தால் கடலுக்குப் போனவன் பிழைப்பான். அது நடக்கட்டும், அப்புறம் சொந்தச் செயற்கைக்கோள் பற்றிப் பேசலாம் என்பார்.

எல்லாம் தயாராகி சுவிட்ச் போடும் நாள் வியாழக்கிழமையாகப் போனது. முந்தின நாளே மனைவி சாந்தாமணி போனில் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கு ஒன்றரைலிருந்து மூணு ராகு காலம். அந்த நேரத்துல ஆன் பண்ணித் தொலைக்காதீங்க."

மறுநாள் வேலை முடிந்தபோது மணி ஒன்று நாற்பது. அந்த ஊர் இன்ஜினியர் எமில் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். திருமூர்த்தி இருக்கட்டும், மூணு மணி ஆகட்டும் என்றார். ஏன் என்று எமில் கேட்டான். அமெரிக்காவிலிருந்து வந்த நிபுணர் ராகு காலம் என்று எப்படிச் சொல்வார்? "ஒன்றரைலிருந்து மூணு வரைக்கும் உச்சி வெயில், ஆம்ப்ளிஃபையர் சூடாயிடும், அப்ப ஆன் பண்ணக் கூடாது" என்று அடித்துவிட்டார். எமில் பயபக்தியாக அதை நோட்டில் எழுதிக்கொண்டான். மூணு மணிக்கு சுவிட்ச் போட்டார்கள், படம் வந்தது, கைதட்டினார்கள். திருமூர்த்தி ஊருக்குத் திரும்பி அதைச் சுத்தமாக மறந்தும் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த நாட்டை ராணுவம் பிடித்தது. போன் எல்லாம் கட். பணம் கொடுத்த உதவி நிறுவனம் யோசிக்க ஆரம்பித்தது: இனிமேல் இந்த நாட்டில் விண்வெளி வேலைக்கு வாய்ப்பு உண்டா, இரண்டாவது டிஷ் கொடுக்கலாமா, இல்லை இருப்பதையும் மூடிவிடலாமா? ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு திருமூர்த்தி தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார் மேனேஜர்.

எமில் மாதாமாதம் தபாலில் அனுப்பி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பதிவேட்டு நகல்களை அன்றுதான் பிரித்தார். ஒவ்வொரு நாளும் ஒரே வரி: ஒன்றரை முதல் மூன்று வரை அணைக்கப்பட்டது. வியாழன் மட்டும் இல்லை, ஞாயிறு, திங்கள், எல்லா நாளும். வானிலைச் செயற்கைக்கோள் அந்தத் தீவுக்கு நேர்மேலே வருவதே மத்தியானம் இரண்டு மணி வாக்கில்தான்; மற்ற நேரம் தூரமாகப் போகும், படம் அரைகுறையாகத்தான் வரும். போன நவம்பரில் அங்கே ஒரு புயல் அடித்ததாகப் பேப்பரில் இரண்டு வரி வந்திருந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று போடவில்லை.

"ஊழியர்களின் கவனக்குறைவு" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி டைப் அடித்தார். அது போதும், இவர் தப்பிவிடலாம். எமில் தொலைந்தான், அந்த நாடும் தொலைந்தது. அடித்ததைப் பார்க்கப் பார்க்க அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அழித்தார். உதவி நிறுவனத்தின் அங்குள்ள ஆபீசுக்கு மட்டும் சாட்டிலைட் ஃபேக்ஸ் இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி, எமிலுக்குச் சேர்க்கச் சொல்லி அனுப்பினார்.

சாந்தாமணி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொன்னது வியாழக்கிழமைக்கு. தினமும்னு யாருங்க சொன்னா? அன்னிக்கே என் பேரைச் சொல்லியிருந்தா என்ன, பொண்டாட்டி பேச்சுன்னு சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க."

இரண்டு நாள் திருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. எமில் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது.

"சார், நீங்கள் போன நாலாம் நாளே ஒரு மத்தியானம் ஆன் பண்ணிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அணைக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து எங்களுக்காக வந்தவர், உங்கள் பேச்சை மீறினோம் என்று எழுத மனசு வரவில்லை. அதனால் பதிவேட்டில் மட்டும் அணைத்தோம். நவம்பர் புயல் எங்கள் பக்கம் திரும்பியதைப் பார்த்ததே இரண்டு பத்துக்கு வந்த படத்தில்தான். ரேடியோவில் சொல்லி எழுபது படகையும் கரைக்குக் கூப்பிட்டோம். எல்லோரும் வந்துவிட்டார்கள். இப்போது ராணுவத்துக்காரர்களும் தினமும் மத்தியானம் படம் பார்க்க வருகிறார்கள்."

திருமூர்த்தி ஃபேக்ஸ் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுபது படகு என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னார். அப்பாடா என்று வந்த மூச்சு அழுகையாகப் போய் முடிந்தது. ஆபீசில் யார் பார்த்தார்கள் என்ற கவலையே அவருக்கு இல்லை.

பிறகு எழுந்து போய் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியை டைப் அடித்தார். "இந்த நாட்டில் விண்வெளி வளர்ச்சிக்கு வாய்ப்பு உண்டு. நிபுணர் சொன்னதையும் சோதித்துப் பார்க்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த நிபுணர் நான்தான். நான் சொன்னது பொய்." கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேஜையில் வைத்தார்.