உலக முடிவில் அம்மா

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு மலைநாட்டின் ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் படம் எடுக்கவே போகிறார்கள். நாங்கள் போனது அம்மாவின் கண்களுக்காக. சீனி நோய் அவருடைய பார்வையை அரித்துக்கொண்டிருந்தது. எஞ்சியிருப்பதும் நீண்ட நாள் நிற்காது என்று பதுளையில் வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அம்மா எங்களிடம் வேண்டியது ஒன்றே. உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறைக்கு நேர் கீழே, பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். மணமாகித் தெமோதரைக்கு வரும்வரை அந்த விளிம்பைக் கீழிருந்து அண்ணாந்தே பார்த்தவர். தாம் பிறந்த லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒருமுறை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் வேண்டியது.

வெயில் ஏறினால் பனி வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். ஆகவே விடியுமுன்பே குடும்பத்தோடு வேனில் புறப்பட்டோம். ஒஹியாவைத் தாண்டியதும் வாகன வரிசை தொடங்கியது.

“லீவு நாள்லயும் பெரட்டா? கங்காணியத்தான் காணோம்” என்றார் அத்தை. தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் வரிசைதான் பெரட்டு. வேனே சிரித்தது.

நெரிசலில் வேனை வெகு தொலைவில் நிறுத்திவிட்டு, நடைபாதையின் வாயிலுக்கு வந்தோம். அங்கே பைகளைச் சோதித்தார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. சோறு கட்டாமல் பயணம் போகும் பழக்கம் எங்கள் தோட்டத்தில் எவருக்கும் இல்லை. அத்தையோ ஊருக்கே போதுமான மஞ்சள் சோற்றை லஞ்ச் சீட் எனும் பொலித்தீன் தாளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டியிருந்தார். விவாத மேடைகளில் எதிரணியை வாயடைக்க வைத்தவன் நான். காவலரிடம் பிசகற்ற சிங்களத்தில் வாதங்களை அடுக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குப்பைப் பெட்டியைக் காட்டினார்.

“நத்தார் சோத்தக் குப்பையில போடவா? சாப்பிட்டுட்டே போவோம், உக்காருங்க” என்று அத்தை வழியோரப் புல்லில் அமர்ந்தார்.

“அம்மா, நம்ம முன்னால போவோம். பனி ஏறிடும்.”

“எல்லாரையும் விட்டுட்டு நான் மட்டும் போறதா? நல்லா இருக்குடா நியாயம். இரு, ஒண்ணா போவோம்.”

ஒன்றாகப் புறப்பட்டவர் ஒன்றாகவே நுழைய வேண்டும் என்பது எங்கள் மக்களின் வழக்கம். அதை மேடைதோறும் போற்றியிருக்கிறேன். அன்று மனத்துக்குள் சபித்தேன்.

அம்மாவின் கையைப் பிடித்து விளிம்பை அடைந்தபோது, எதிரே வெறும் வெண்மை. வேலிக் கம்பியில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

“உனக்கு ஏதாவது தெரியுதா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லம்மா. எல்லாம் பனி.”

“அப்ப என் கண்ணுக் கோளாறு இல்ல” என்று அவர் பெருமூச்சு விட்டார். ஏறி வந்த களைப்பெல்லாம் தீர்ந்ததுபோல் சிரித்தார்.

திடீரெனக் கூட்டம் ஆரவாரித்தது. பனி கிழிந்து, வெகு ஆழத்தில் பச்சைச் சரிவு தெரிந்தது. அதன் நடுவே தகரக் கூரைகள் மின்னின. அம்மாவின் விரலைப் பிடித்து அத்திசைக்கு நீட்டினேன். தேயிலை நிரைகளை, சரிவில் வளையும் பாதையை, கூரைகளின் வரிசையைச் சொல் சொல்லாக அவர் முன் எழுப்ப முயன்றேன்.

அம்மாவின் கண்கள் அத்திசையில் எதிலும் நிற்காமல் துழாவின. பிறகு நீட்டிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“மேடப் பேச்சு வேணாம்டா” என்றார்.

பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் கைப்பேசியை உயர்த்தியபடி, “பாத்து முடிச்சிட்டீங்கன்னா கொஞ்சம் தள்ளுங்கம்மா, திரும்ப மூடிறப் போகுது” என்றார்.

“பாத்தாச்சு தம்பி, வாங்க” என்று அம்மா இடம்விட்டு விலகினார்.