எண்ணிக்கையில் விடுபட்ட ஆள்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலைப் பெரட்டில், வேலைக்கு வந்து வரிசையில் நிற்கும் ஆட்களை எண்ணி எண்ணி, எதைக் கண்டாலும் எண்ணுவது பழக்கமாகிவிட்டது.

சென்ற விடுமுறைக்கு மகனும் மருமகளும், மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். தோட்டத்துக்குக் கீழே, அணைத் தண்ணீரின் நடுவே ஒரு மேடு இருக்கிறது. இரண்டு தோணிகளை இரவல் வாங்கிப் போய், அங்கே கூடாரமடித்து ஓரிரவு தங்குவதாகத் திட்டம். பொழுது சாயுமுன்பே மழை பிடித்துக்கொண்டது.

"போயிருவோம்ப்பா" என்றான் மகன்.

மேட்டின் கரையில் நின்று எண்ணினேன். நான்கு பேர், ஐந்து கம்பளி, ஒரு கூடாரப் படங்கு, இரண்டு சட்டி. ஐந்து கம்பளியைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு, கெளம்புங்க!" என்று கத்திவிட்டு, மரத்தடியில் விட்ட குடையை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் தோணிகளைக் காணோம். நான் மற்றத் தோணியில் இருப்பதாக இரு தரப்பும் நினைத்துவிட்டார்கள்.

மூடுபனி தண்ணீரை மறைத்தது. மழையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. கூப்பிட்டேன், பதிலில்லை. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால், "அவரு எங்க?" என்று கேட்காமல் தோணியில் ஏறியிருக்க மாட்டாள்.

இருட்டும் நேரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டது.

"அப்பா! இருக்கீங்களா?"

"இருக்கேன்டா!"

"சரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க!" மகன் அழுதுகொண்டே திட்டினான்.

இப்போது எதை எண்ணினாலும் என்னிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளைகள் ஊர் திரும்பிய அன்றிரவு, கதவைத் தாழிடுமுன் அப்படித்தான் எண்ணினேன். ஒன்று. அத்தோடு கணக்கு முடிந்துவிட்டது.