வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் ஒரு மனநலப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்தேன். மனம் ஒடிந்து வருகிறவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குவது என் பணி. தேதி போடாமல் ஒரு குறிப்பும் எழுதமாட்டேன். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை. வார்டில் கூடை முடைந்துகொண்டிருந்த விவசாயி ஒருவர் அலுத்துக்கொண்டார்.

"ஊர்ல அவனவன் மல்லாட்டைக்குப் பூச்சிமருந்து அடிச்சிக்கினு கீறான். என்னை இங்க கூடை பின்ன வெச்சிட்டாரு சார். போனா என் பொண்டாட்டியே சேத்துக்க மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். பூச்சிமருந்து என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன்.

முந்தைய வெள்ளிக்கிழமைதான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். திண்டிவனத்தை அடுத்த ஊர்க்காரர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். அவருடைய சீட்டில் "வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்" என்று எழுதியவன் நான். தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதியவனும் நான். இந்த மாதம் அவருடைய நிலக்கடலைக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்கவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓடிப் பஸ் பிடித்தேன். திண்டிவனத்தில் வேறு பஸ் மாறினேன். எங்கோ மேளச் சத்தம் கேட்டது; சாவு மேளமோ என்று பயந்தேன். கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்றார் கண்டக்டர்.

எங்கள் நோயாளியின் அண்ணி வீட்டு வாசலில் நின்றார்.

"மருந்தடிக்கத்தான் போயிருக்காரு. நாங்க வேணாம்னுதான் சொன்னோம். நீங்க எழுதின சீட்டைக் காட்டி சண்டை புடிச்சாரு. நீங்கதானே சார் வேலைக்குப் போவச் சொன்னீங்க?"

அண்ணி கைகாட்டிய நிலத்துக்கு ஓடினேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருந்து டப்பா, மூடி திறக்கவில்லை.

"இன்னா சார், இம்மாந்தூரம்?"

"பயந்துபோய் வந்தேன். சாகணும்னு தோணுதா?" நேராகவே கேட்டேன்.

மல்லாட்டைச் செடிகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"காலைலேர்ந்து அதே நெனப்புதான். யாருனா வருவாங்களான்னு பாத்துக்கினே ஒக்காந்திருந்தேன்."

பின்னாலேயே வந்திருந்த அண்ணி டப்பாவை எடுத்துக்கொண்டார். "பக்கத்து நெலத்துக்காரரு அடிச்சிக் குடுப்பாரு. இது இனிமே நம்ம வூட்டுக்கு வேணாம். நீ சாரோட கெளம்பு, ஜல்தி."

அவர் மறுக்கவில்லை.

பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுங்க சார். எங்கியும் போவல."

விழுப்புரம் வரும்வரை நான் விடவில்லை.