ஊருக்குப் போகோணும்

என் மூத்த சகோதரியான ராத்தா ஊரை நினைத்து ஏங்குகிறார் என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து கரைத்தீவில் குடியேறிய எங்களிடையே "ஊருக்குப் போகோணும்" என்பதை யாரும் நோயின் அறிகுறியாகக் கொள்வதில்லை. சலாம் சொன்னதற்கு அடுத்தபடியாக வரும் பேச்சு அது. ஆகையால் அவர் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அதைச் சொல்லத் தொடங்கி பொழுதுசாயும் மஃரிபு வரை விடாமல் சொன்னபோதும், ஒரே கதையை மீண்டும் மீண்டும் சொன்னபோதும், ஏக்கம் முற்றிவிட்டது என்றே பேசிக்கொண்டோம். அண்டை வீட்டார் கேட்டுக் கண்கலங்கினார்கள்.

ராத்தாவின் ஒரே மகள் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் வான் வண்டி ஒன்றை அமர்த்த, மூவரும் மன்னாருக்குப் போனோம். நாங்கள் பிறந்த வீட்டின் சுவர்கள் நின்றன; கூரை இல்லை. ராத்தா கிணற்றடிவரை நடந்து, எட்டிப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் திரும்பி, யாரோ அந்நியர் வீட்டில் நிற்பவர்போலக் கேட்டார்.

"இது ஆர்ட வளவு, தங்கச்சி? நேரமாகுது. ஊருக்குப் போவம்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த கிழமை வைத்தியர் அல்சைமர் என்று சொல்லுமுன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் ஆராய்வதே அந்த நோயைத்தான். ஆனாலும் அத்தனை மாதங்களும் தொலைபேசியில் தாயின் பேச்சைக் கேட்டு, எங்களைப் போலவே அவளும் அது ஊரேக்கம் என்றிருந்தாள்.

வெளிநாடு திரும்புமுன் சமையலறையில் வைத்து எனக்கு விளக்கினாள். மூளையின் ஒரு கலத்தில், அதாவது உயிரணுவில், கெட்டுப்போகும் டௌ என்னும் புரதம் அங்கேயே தங்குவதில்லை. அடுத்த கலத்துக்குள் புகுந்து, அங்குள்ள நல்லதையும் தன்னைப்போல் ஆக்கிவிடுகிறது. அதைப் பிடிக்கவல்ல பிறபொருளெதிரிகள், உடலுக்கு ஆகாததைப் பற்றிப்பிடிக்கும் புரதங்கள், உண்டு. ஆனால் அவை பெரியவை, மூளைக்குள் எளிதில் நுழையமாட்டா. எனவே அவற்றில் பற்றிப்பிடிக்கும் சிறு துண்டை மட்டும் பிரித்தெடுத்து, கலத்துக்குக் கலம் தாவும் வழியிலேயே அந்தப் புரதத்தை மறிக்கப் பார்க்கிறார்கள். உப்பு வயலில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் போகும் வாயை அடைப்பது போல என்றாள்.

போனது திரும்புமா என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல சாச்சி. மிச்சத்தத்தான் காப்பாத்த ஏலும். அதுவும் இப்ப எலியிலதான் பாக்கிறம்."

உம்மாவின் நினைவில் எஞ்சும் அந்த மிச்சத்தில் தானும் இருக்கும்போதே மருந்து வந்துவிட வேண்டும் என்பதே அவளுடைய துஆ.

பின்னர் வெள்ளிதோறும் அழைப்பாள். தொடக்கத்தில் ராத்தா கேலி செய்வார்: "உனக்கு எலியளோடதான் குடும்பமா? நாங்க மாப்பிள்ள பாக்கிறதா, பூனை பாக்கிறதா?" மகள் சிரிப்பாள். சில மாதங்களில் எலிகளை மறந்தார். மகள் இருக்கும் நாட்டின் பெயரும், காலஞ்சென்ற கணவரான என் மச்சானின் பெயரும் போயின. சென்ற நோன்புப் பெருநாளன்று தொலைபேசியில் வாழ்த்துச் சொன்ன மகளிடம் ராத்தா மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"நீங்க ஆர்ட புள்ள?"

மறுமுனையில் மகள் மெதுவாகச் சொன்னாள்.

"உங்கட புள்ளதான், உம்மா."

"மாஷா அல்லாஹ்," என்றார் ராத்தா, வேறு யாரோ ஒரு தாய்க்குக் கிடைத்த பேற்றைக் கேள்விப்பட்டவர் போல.

அவள் இப்போதும் அழைக்கிறாள். வேலை மெல்ல முன்னேறுகிறது என்கிறாள். யாருடைய உம்மாவுக்கோ அது உதவும். ராத்தாவுக்கு இன்னும் அடையாளம் தெரிபவர்களில் எஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.