மேக்லின் நட்ட தென்னை

மேக்லினுக்குச் சந்தோஷம் வந்தால் வாய் மட்டும் பேசாது, கையும் காலும் சேர்ந்து பேசும். சாண்டோ தீவுக்கு வந்த முதல் வருஷம், அவள் தோட்டத்தில் ஒரு வள்ளிக்கிழங்கு இடுப்பு உயரத்துக்கு விளைந்துவிட்டது. அதைத் தூங்குகிற பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு அரை மைல் ஓடி, நிலத்துக்காரர் அபியாவின் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

"அண்ணே, உங்க மண்ணைப் பாருங்கண்ணே" என்றாள் மூச்சு வாங்க.

அபியா கிழங்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "கிழங்குதானே" என்றார்.

அவர் சுபாவம் அப்படி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தையெல்லாம் அவர் தங்கை லேயா பேசித் தீர்த்துவிடுவாள். "கிழங்குக்கே இந்த ஓட்டம்னா, உனக்கு ஒரு பன்னி கிடைச்சா சாண்டோவை ரெண்டு சுத்து சுத்துவ போலிருக்கேடி" என்றாள் அவள், உள்ளேயிருந்தபடியே.

மேக்லின் அம்பே தீவுக்காரி. அங்கே மலை புகைய ஆரம்பித்து, சாம்பல் கொட்டிக் கீரையெல்லாம் கருகி, தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் புளித்து, கடைசியில் கூரையும் சாம்பல் கனம் தாங்காமல் உட்கார்ந்தபோது, கப்பல்கள் வந்து ஊரையே ஏற்றிக்கொண்டு போயின. மலை அடங்கியதும் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். மேக்லின் அசையவில்லை. "கோபக்கார மாமியாரோட பன்னெண்டு வருஷம் குப்பை கொட்டியாச்சு. கோபக்கார மலையோடயும் கொட்டணுமா?" என்று புருஷன் ஹெட்லியிடம் கேட்டாள். செத்துப்போன தன் அம்மாவை இழுக்கிறாளே என்று ஹெட்லி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு அவனும் திரும்பிப் போகிற பேச்சை எடுக்கவில்லை.

லேயாவை அவள் சந்தித்தது லுகான்வில் சந்தையில். கூடாரத்தில் குடியிருந்த காலம் அது. மேக்லின் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கிழங்கை அரைத்து வாழையிலையில் பொதிந்து சுட்ட லாப்லாப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். லேயா அது விற்பனைக்கு என்று நினைத்து, காசு எத்தனை வாட்டு என்று கேட்டாள்.

"விக்கறதுக்கு இல்லக்கா, எனக்குன்னு வெச்சது. உக்காருங்க, ஆளுக்குப் பாதி."

லேயா உட்கார்ந்தாள், பாதியைச் சாப்பிட்டாள், ஊர், உறவு என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். மூன்றாம் நாள் அண்ணனோடு ஒரு லாரியில் வந்து மொத்தக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். தென்னந்தோப்புக்கு மேலே, ஓடையை ஒட்டிய சரிவில் அபியா நிலத்தைக் காட்டினார். அன்று அவர் பேசியதுதான் அந்த வருஷத்திலேயே பெரிய பேச்சு.

"வந்து போற பயிர் எது வேணும்னாலும் வையி. நின்னு நிலைக்கிற மரம் மட்டும் வேணாம்."

எங்கள் தீவுகளில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு வைத்தவன் கிழங்கைத் தோண்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். மரம் வைத்தவன் கிளம்ப மாட்டான், அவன் பேரனும் கிளம்ப மாட்டான். "இது எங்க தாத்தா வெச்ச மரம்" என்று ஒரு நாள் ஊர்த் திடலில் வந்து நிற்பான். இரவல் நிலத்தில் தென்னை வைப்பதும், விருந்துக்கு வந்த இடத்தில் வீட்டைக் கேட்பதும் ஒன்றுதான். மேக்லினுக்கும் அது தெரியும். நான்கு வருஷம் அவள் கிழங்கும் கீரையும் வேர்க்கடலையும் தவிர வேறெதையும் தொடவில்லை. தின்றுவிட்டுத் துப்பிய பப்பாளி விதை தானாக முளைத்தால்கூடப் பிடுங்கி எறிந்தாள்.

ஐந்தாம் வருஷம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. மூன்று பெற்று, பதினொரு வருஷம் இடைவெளி விட்டு, முப்பத்தொன்பது வயதில் நான்காவது. பெண். ஓடை பெருகி ரோட்டை மூடிவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. லேயாதான் பிரசவம் பார்த்தாள். "கத்துறதைப் பாரு, அப்படியே ஆத்தாளேதான்" என்று சொல்லித்தான் குழந்தையை மேக்லின் கையில் கொடுத்தாள்.

எட்டாம் நாள் காலை தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. அங்கேதான் வினை.

அம்பேக்காரர்கள் கொடியைத் தூக்கி எறிய மாட்டார்கள். மண்ணில் புதைத்து, மேலே ஒரு தென்னை வைப்பார்கள். கொடி எந்த மண்ணில் இருக்கிறதோ, பிள்ளை அந்த மண்ணைச் சேர்ந்தது. மேக்லினின் மூத்த மூன்று பிள்ளைகளுக்கும் அம்பேயில் மரங்கள் இருந்தன. சாம்பல் விழுந்த வருஷத்தில் மூன்றும் மட்டை தொங்கி நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கப்பல் ஏறினாள். இப்போது கையில் ஒரு புதுக் கொடி. வெளியே மழை விட்டு வெயில் அடித்தது. அடுப்படிக்குப் பின்னால் எப்போதோ உருண்டு போன தேங்காய் ஒன்று, ஒரு முழத்துக்குப் பச்சைப்பசேலென்று முளை விட்டுக் கிடந்தது. ஹெட்லி அபியாவின் தோப்புக் கொப்பரையை விற்கப் பட்டணம் போயிருந்தான். அவன் வருகிறவரை பொறுக்க அவளால் முடியவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்பதை அவள் நெற்றியிலேயே எழுதி ஒட்டலாம்.

குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டாள். வீட்டு முன்னால் குழி தோண்டினாள். கொடியை வைத்தாள், தேங்காயை வைத்தாள், மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தாள். கோயில் பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். பாதையோடு போன டைட்டஸ் நின்று பார்த்தான். அபியாவின் சித்தப்பா மகன் அவன்.

"தென்னையா? நல்லா வளரட்டும்" என்றான்.

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்ணே" என்று பூரித்துப்போய், ஒரு சீப்பு வாழைப்பழத்தை வேறு அவன் கையில் திணித்து அனுப்பினாள் மேக்லின்.

மத்தியானம் வந்த ஹெட்லி வாசலிலேயே நின்றுவிட்டான். "என்ன இது?"

"பாப்பாவோட மரம். கொடி விழுந்துடுச்சு, பாத்தியா, இன்னைக்கே..."

"யாரு நிலத்துல வெச்சிருக்க?"

மேக்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, ரத்தம் மட்டும் வடிந்துபோயிற்று. "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டாள். "டைட்டஸ் அண்ணன் வேற பாத்துட்டாரு. பழம் வேற குடுத்தேன்."

"பழம் குடுத்தியா? சாட்சிக்குக் கூலியா?" ஹெட்லி தலையில் கை வைத்தான். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டோம்னுதான் ஊரு பேசும். எந்த முகத்தோட அந்த மனுஷனைப் பாக்கறது?"

"பிடுங்கிடட்டுமா?"

"கொடி புதைச்ச மரத்தைப் பிடுங்கவா? புள்ள நோஞ்சானாப் போகும்னு உங்கம்மா சொல்லித் தரலையா?"

பிடுங்கவும் முடியாது, விடவும் முடியாது. போகச் சொன்னால், குழந்தையின் கொடியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே போவது? அம்பேயில் வீடு இல்லை. இந்தச் சரிவைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை. வந்த இடம் என்று அவள் இதை நினைத்தே பல நாளாகிவிட்டது என்பது, அன்றைக்கு இழக்கப்போகிறோம் என்று பயந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலையில் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஹெட்லி மூன்று வருஷமாக வளர்த்த ஆண் பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டான். மேக்லின் அம்பேயிலிருந்து கொண்டுவந்த ஒரே சிவப்புப் பாயைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அவள் தாழை ஓலையில் தானே முடைந்து சாயம் ஏற்றியது. மூத்த மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. தப்பு செய்தவர்கள் வெறுங்கையோடு திடலுக்குள் கால் வைக்க முடியாது.

மாமரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. பன்றியைக் கட்டினார்கள், பாயை விரித்தார்கள். டைட்டஸ் எழுந்தான்.

"இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கற கதையா இருக்கு. முதல்ல கிழங்கு, அப்புறம் தென்னை, நாளைக்கு மொத்தச் சரிவும் எங்களுதுன்னுவாங்க. கொடியையும் புதைச்சு மரத்தையும் வெச்சிருக்காங்க. ஒண்ணு வெச்சாலே உரிமை கேக்கலாம். இது ரெண்டு."

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் மேக்லினுக்கு வலித்தது. ஹெட்லி கையை அமுக்கியும் அவள் எழுந்துவிட்டாள்.

"நான் உரிமைக்காக நடலண்ணே. சத்தியமா நடும்போது நிலம் யாருதுங்கிற நெனப்பே இல்ல. அதுதான் என் தப்பு. கொடி விழுந்துச்சு, வெயில் அடிச்சுது, புள்ள மார்ல தூங்குச்சு. நாலு வருஷமா எனக்கு இந்த ஊருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வாயால சொன்னா பத்தல. அந்தச் சந்தோஷத்துல கை தானா தோண்டிடுச்சு." குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "எங்களைப் போகச் சொன்னா போறோம். மரத்தை மட்டும் யாரும் பிடுங்க வேணாம். அதுக்குக் கீழ என் புள்ள இருக்கு."

எல்லோரும் அபியாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி ஒரு குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். பிறகு லேயா பக்கம் திரும்பினார்.

"புள்ளைக்குப் பேரு வெச்சாச்சா?"

"இல்ல. அதை முடிவு பண்ணத்தான் அவ வீட்டுல தினம் சண்டை" என்றாள் லேயா.

"நம்ம அம்மா பேரை வையி."

லேயா சட்டென்று அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். செத்துப்போன அம்மாவின் பேரை வந்தேறி வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. அபியா எழுந்து நின்றார்.

"கொடி நம்ம மண்ணுல கிடக்கு. அப்ப புள்ள நம்ம புள்ள. இன்னையிலேர்ந்து அது பேரு வோலே. எங்கம்மாவோட மரம் எங்க நிலத்துல நிக்கறதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"இல்லண்ணே, நான் என்ன சொல்ல வரேன்னா..." என்று டைட்டஸ் இழுத்தான்.

"டைட்டஸ், உன் மாடு நாலு வருஷமா என் வேலிக்குள்ள மேயுது. அது எப்ப நிலம் கேக்கப்போவுது?"

திடல் மொத்தமும் சிரித்ததில் கட்டியிருந்த பன்றி மிரண்டு கயிற்றை இழுத்தது. டைட்டஸும் வேறு வழியில்லாமல் சிரித்தான். ஆனாலும் தப்பு தப்புதான்; பன்றியை ஏற்றுக்கொண்டார்கள், அங்கேயே அடித்தார்கள். பெரிய தொடை டைட்டஸ் வீட்டுக்குப் போனது. லேயா பாயைச் சுருட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டு நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி விரித்தாள்.

"தப்புக்கு வந்த பாயை வாங்கியாச்சு. இப்ப இது எங்க பாய். பேரு வெச்ச வீடு புள்ளைக்குச் சீர் குடுக்கணுமில்ல? எடுத்துக்கோ" என்று குழந்தையை வாங்கிப் பாயில் கிடத்தினாள். "ஏ அம்பேக்காரி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இனிமே இதைத் திட்டறதா இருந்தா யோசிச்சுத் திட்டு. இது எங்கம்மா."

மேக்லின் அழுதாள், சிரித்தாள், லேயாவைக் கட்டிக்கொண்டாள், ஹெட்லியைக் கட்டிக்கொண்டாள், டைட்டஸின் பெண்சாதியையும் கட்டிக்கொண்டாள். அபியா பக்கம் போகத்தான் கால் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவரே சரிவுக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. நேராகத் தென்னங்கன்றுக்குப் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். குழந்தையோடு மேக்லின் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். அவர் கன்றைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"ஆழம் பத்தல. காத்தடிச்சா சாஞ்சிடும்."

இரண்டு கையாலும் சுற்றியிருந்த மண்ணை அள்ளி, அடியில் அணைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினார். நகக்கண்ணெல்லாம் கருப்பாயிற்று. அவர் நிலம், அவர் கை.

"காய்க்க எத்தனை வருஷமாகும்?" என்று கேட்டார், தெரியாதவர் மாதிரி.

"ஏழு வருஷம் ஆகும்ணே."

அபியா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். குழந்தையின் கன்னத்தை மண் விரலால் ஒரு தரம் தொட்டார்.

"முதல் குலை எனக்கு" என்றார். "அதுவரைக்கும் எங்கயும் போயிடாத."