துன்ஹிந்தையில் மூன்று மணி நேரம், அறுகம்பையில் இருபத்தைந்து நிமிடம்

என் அக்கா ரோசலினுக்கு நாற்பத்தேழு வயது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருசமாகக் கொழுந்து பறிக்கிறாள். சுற்றிலும் கடல் உள்ள நாட்டில் பிறந்தும் அவள் கடலைப் பார்த்ததில்லை. கூட்டிப் போகிறேன் என்று சொல்லி மூன்று முறை ஏமாற்றியிருக்கிறேன். இந்தச் சித்திரை வருசப்பிறப்பு லீவின் கடைசி நாளில்தான் கைகூடியது. மறுநாள் காலை ஆறரைக்கு அவள், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் நின்று பேர் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரே நாளில் போய் வர வேண்டும். காலையில் துன்ஹிந்த அருவி, மதியம் அறுகம்பைக் கடல். திட்டம் போட்டது நான். பதுளையில் டீச்சராக இருப்பதால் நேரசூசி போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

பஸ்ஸில் போனால் அன்றே திரும்ப முடியாது. ரவி அண்ணனின் வேனை முப்பதாயிரம் ரூபாய்க்குப் பேசிக்கொண்டு காலை ஆறுக்குக் கிளம்பினோம். பதுளை டவுனிலிருந்து துன்ஹிந்த ஐந்து கிலோமீற்றர். சீட்டு எடுத்து, ஒன்றரைக் கிலோமீற்றர் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். முதல்நாள் மழையில் கல்லெல்லாம் வழுக்கியது. அக்கா இறங்கியதும் துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியை எடுத்து முழங்கால்வரை வரட்டுவரட்டென்று தேய்த்துக்கொண்டாள். தேயிலை மலைக்குப் போகும்போது அட்டை கடிக்காமலிருக்க அவர்கள் செய்வது இது. நான் பூசவில்லை. என் காலில் நான்கு அட்டை ஏறின, அவள் காலில் ஒன்றுகூட இல்லை.

அருவியைப் பற்றி என்ன சொல்ல? அறுபது மீற்றருக்கு மேலிருந்து விழும் தண்ணீர் கீழே வருவதற்குள் பாதி புகையாகிவிடுகிறது. நின்ற இடத்திலேயே தலைமுடி நனைந்தது. நான் சொக்கிப்போய் போட்டோ எடுத்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எடுத்தேன்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. கடல் எத்தன மணிக்கு?" என்றாள் அக்கா.

எட்டரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பத்தேகாலுக்குக் கிளம்பினோம். தவறு முழுக்க என்னுடையது. அதற்கு மேல், பசறை வீதியில் மண் சரிந்து ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. அக்கா சவுக்காரக் கட்டியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது முறையும் ஏமாற்றிவிடுவேனோ என்று நான் நிமிசத்துக்கொரு தரம் மணி பார்த்தேன்.

135 கிலோமீற்றர் ஓடி அறுகம்பையில் இறங்கும்போது மணி நாலேகால்.

"நாலு நாப்பதுக்கு வண்டி எடுக்கணும்ங்க டீச்சர். இருட்டுனா வழியில லாகுகலைக் காட்டுல யானை ரோட்டுக்கு வந்துரும்" என்றார் ரவி அண்ணன்.

இருபத்தைந்து நிமிடம். அக்கா மணலில் இறங்கி, கடலைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்தாள். பிறகு நிதானமாகச் சவுக்காரத்தை எடுத்தாள்.

"என்னக்கா பண்ற?"

"ஈரத்துல கால் வைக்கப் போறோம்ல? அட்டை ஏறும்டி."

கடலில் அந்த அட்டை இருக்காது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அலை வந்து கட்டியை வாரிக்கொண்டு போனது. அவளும் பின்னாலேயே இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். வாயில் பட்ட தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்டி, இவ்வளவு உப்ப இங்க வச்சுக்கிட்டா நம்ம கடையில வாங்குறோம்?"

அவள் சிரித்தாள், அழுதது நான்தான். கிளம்பும்போது வெறும் தண்ணீர்ப் போத்தலில் கடல்நீரை நிரப்பிக்கொண்டாள். உப்புக்கு அட்டை விழும், நாளைக்கு மலையில் பூசிப் பார்க்கிறேன் என்றாள்.

நீங்களும் போவதென்றால், அருவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். எட்டரைக்காவது பதுளையைத் தாண்டிவிடுங்கள். கிளம்புமுன் பசறை வீதி திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மழைக்குப் பிறகென்றால் துன்ஹிந்தைக்குச் சவுக்காரம் அவசியம்.

மறுநாள் சாயந்தரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அட்டைக்குக் கடல்தண்ணீர் கேட்டதா என்று விசாரித்தேன்.

"எங்க பூச விட்டாளுக? பெரட்டுலயே எட்டுப் பேரு சுத்திக்கிட்டாளுக. ஒருத்திகூட கடல் பாத்ததில்ல. ஆளுக்கொரு கை ஊத்தி நாக்குல வச்சுப் பாத்தே போத்தல முடிச்சிட்டாளுக."

ஆகவே கடைசியாக ஒன்று. தோட்டத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் வெறும் போத்தல் ஒன்று கொண்டுபோங்கள். ஐந்து லீற்றர் பிடிப்பதாக இருந்தால் நல்லது.