அசையாத முள்

அரியாலையில் றோகானின் பட்டறைக்குத் தகடு வெட்டும் லேசர் மெசின் வந்த நாளிலிருந்து அதை ஓட்டியவள் தர்சினி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கொழும்பு வேலையை விட்டுவரச் சொன்னவனும் அவன்தான். "நீ இல்லாட்டி உது வெறும் இரும்புப் பெட்டியடி" என்றான்.

காற்றுப்பட்டு விளிம்பு மஞ்சளிக்காமல் இருக்க நைதரசன் வாயுவை ஊதி ஸ்ரெயின்லெஸ் தகட்டை வெட்டும்போது ஒளி குவியும் புள்ளி தகட்டின் மேலே நிற்கக்கூடாது. உள்ளே இறங்க வேண்டும். எவ்வளவு என்பதைத் தர்சினி கழிவுத் தகட்டில் கண்டுபிடிப்பாள். ஃபோகஸை அரை அரை மில்லிமீற்றராக இறக்கி இறக்கி, சீப்புப்பல் போலக் கோடுகள் வெட்டுவாள். பிறகு தகட்டைப் புரட்டி விரலை ஓட்டுவாள். விரல் வழுக்குகிற கோடுதான் சரியான கோடு.

மாசியில் கீரிமலைக் கேணிப் படிக்கட்டுக்குக் கைப்பிடித் தகடுகள் வெட்டும் வேலை வந்தது. குளிப்பவர்கள் ஈரக்கையோடு பிடிப்பார்கள், பிசிறு இருந்தால் கிழிக்கும். முதல் நாளே விளிம்பு மஞ்சளித்தது. அடியில் பிசிறு.

"காத்துக் கலந்திருக்குப் போல" என்றாள் தர்சினி.

"விசரே உனக்கு? புதுச் சிலிண்டர், நானே பூட்டினனான். உன்ரை ஃபோகஸைப் பார்."

மூன்று நாள் பார்த்தாள். எந்தக் கோட்டிலும் விரல் வழுக்கவில்லை. நிறம் சொன்னதை விட்டு அவன் சொன்னதை நம்பினாள்.

வேலை தந்த சோமசேகரம் வந்து தகட்டைத் தடவியபோது, அவள் முன்னாலேயே றோகான் சொன்னான்: "பிள்ளைக்கு இப்ப கவனம் காணாது ஐயா. வேறை ஆள் பாக்கிறன்."

கனடாவில் இருக்கும் எனக்கும் அதையே சொன்னான். மெசினில் பாதி என் பங்கு. பதறிப்போய் அவளுக்குப் போன் எடுத்து நானும் ஏசினேன். "ஓம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று பின்னேரம் பின்சுவரோரம் போய்ச் சிலிண்டரைப் பார்த்தாள். மூன்று நாள் வெட்டியும் அழுத்தமானியின் முள் நிரம்பிய இடத்திலேயே நின்றது. மெசினுக்குப் போகும் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது வெறுங்காற்றை அடைத்துத் தரும் கொம்பிறசரில் போய் முடிந்தது.

"நைதரசன் விக்கிற விலை தெரியுமோ?" என்றான் றோகான். "சொன்னா நீ விட்டிருப்பியே?"

அவள் குழாயைச் சிலிண்டரில் மாட்டி, தன் பழைய ஃபோகஸ் அளவிலேயே ஒரு தகடு வெட்டினாள். வெள்ளியாய் மின்னியது.

"ஐயாவுக்குப் போன் எடு. ஆரின்ரை பிழையெண்டு சொல்லு."

"அவர் மறந்திருப்பார். விடன்."

அவளே எடுத்தாள். "ஐயா, தர்சினி கதைக்கிறன். முந்தின தகடுகள் ஒண்டையும் பூட்டாதேங்கோ. அதுகள் வெறுங்காத்தாலை வெட்டினது." பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் சோமசேகரம்; றோகான் அல்ல. தர்சினிக்கு ஏழு தடவை போன் எடுத்துவிட்டேன்.